எண்ணும் முகவரியும் எந்த ஊர்?

உங்கள் வங்கி அட்டையை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான அட்டைகளில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கும். ஒன்று 1-800 அல்லது 1-300 என்று தொடங்கும். சிங்கப்பூர் அட்டையானால் 1800. மற்றொன்று +603 என்றோ +65 என்றோ தொடங்கும் சாதாரண எண். உள்ளூரில் இருக்கும்வரை இரண்டாவது எண்ணை நாம் கவனிப்பதே இல்லை. சென்னைக்கோ லண்டனுக்கோ போன இடத்தில் அட்டை வேலை செய்யாமல் நிற்கும்போதுதான், முதல் எண் அங்கிருந்து இணையவே இல்லை என்பது தெரியவரும். இரண்டாவது எண் எதற்காக அச்சிடப்பட்டது என்பதும் அப்போதுதான் புரியும்.

வங்கிகள் எப்போதோ கற்றுக்கொண்ட இந்தச் சின்ன விஷயத்தை நம் ஊர்ச் சிறு வணிகர்கள் பலர் இன்னும் கவனத்தில் கொள்ளவில்லை. முன்பு அதனால் பெரிய நட்டமில்லை. கடை கிள்ளானில் இருந்தால் வாங்குபவரும் கிள்ளானில்தான் இருந்தார். இன்று அப்படியில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மெல்பர்னிலிருந்தும் லண்டனிலிருந்தும், "அத்தை, இந்த வருசம் முறுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டுச் செய்தி வருகிறது. வீட்டு வாசலில் தொடங்கிய வியாபாரம் தன்னை அறியாமலேயே கடல் கடந்துவிடுகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் அம்மா முறுக்கும் அதிரசமும் செய்கிறார். அப்பா கணக்குப் பார்க்கிறார். படித்து முடித்து வேலைக்குப் போகும் மகள், வார இறுதியில் உட்கார்ந்து வெளிநாட்டு விற்பனைக்கு ஒரு இணையத்தளம் செய்யலாம் என்கிறாள். அவள் முன்னால் முதலில் வந்து நிற்கும் கேள்விகள் இரண்டு. எந்த எண்ணைப் போடுவது? எந்த முகவரியை வாங்குவது? கேட்பதற்குச் சில்லறை விஷயம் போலத் தோன்றும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், பொருளைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, அவர் கண்முன் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும் சில படங்களும்தான்.

இலவச அழைப்புக்குப் பணம் கட்டுவது யார்?

கட்டணமில்லா எண் பிறந்த இடம் அமெரிக்கா. அதற்கு முன்பு ஒரு நிறுவனத்தைத் தொலைவிலிருந்து இலவசமாக அழைக்க வேண்டுமானால், தொலைபேசி நிலையத்தில் இருக்கும் இயக்குநரிடம் சொல்ல வேண்டும். "அந்தப் பக்கம் இருப்பவர் கட்டணத்தை ஏற்றுக்கொள்வாரா?" என்று அவர் கேட்டுச் சொன்ன பிறகே பேச முடியும். 1967ஆம் ஆண்டு ஏடி அண்ட் டி நிறுவனம் 800 என்று தொடங்கும் எண்களைக் கொண்டுவந்து இந்த இடைத்தரகை நீக்கியது. அழைப்பவர் காசு கொடுக்க வேண்டாம், அழைக்கப்படுபவர் கொடுப்பார். பிரிட்டனில் 0800 எண்கள் 1985இல் வந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1980களின் தொடக்கத்தில் நடந்தது. அதுவரை 800 எண் ஒரு குறிப்பிட்ட தொலைபேசிக் கம்பியோடு கட்டுண்டு கிடந்தது. ஏடி அண்ட் டி பொறியாளர்கள் அந்த எண்ணை வெறும் பெயராக ஆக்கிவிட்டார்கள். நீங்கள் 800 எண்ணை அழுத்தியதும் ஒரு கணினி தன் பதிவேட்டைப் புரட்டி, "இந்தப் பெயருக்கு இந்நேரத்தில் உரிய உண்மையான எண் எது?" என்று பார்த்து அங்கே அனுப்பும். பகலில் ஓர் ஊர், இரவில் வேறோர் ஊர். அழைப்பவருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1983இல், பால் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் இணையத்துக்கும் இதே போன்ற ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தார். நாம் தட்டச்சு செய்யும் இணைய முகவரி வெறும் பெயர்தான். அதன் பின்னால் இருக்கும் கணினியின் எண்ணை ஒரு பதிவேடு தேடித் தருகிறது. ஆக, கட்டணமில்லா எண்ணும் இணைய முகவரியும் ஒரே குணம் உள்ளவை. விற்பவர் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை இரண்டும் மறைக்கும். ஆஸ்திரேலிய எண்ணை அழைத்தால் மணிலாவில் ஒருவர் எடுப்பதும், ஜெர்மானிய முகவரி கொண்ட கடையின் கணினி வேறு கண்டத்தில் ஓடுவதும் இதனால்தான்.

உலகம் முழுவதற்கும் ஒரே இலவச எண் இருந்தால் எவ்வளவு வசதி! அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்துக்கும் அந்த யோசனை வந்தது. 1990களின் பிற்பகுதியில் +800 என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்ட அனைத்துலகக் கட்டணமில்லா எண்களை அது வழங்கத் தொடங்கியது. எந்த நாட்டின் குறியீடும் இல்லாத எண். ஒரு நிறுவனம் அதை ஒரு முறை பதிந்துவிட்டால், பல நாட்டு மக்கள் அதே எண்ணில் அழைக்கலாம்.

காகிதத்தில் அழகாக இருந்த இந்தத் திட்டம் தரையில் தடுமாறியது. எண்ணைப் பதிவது ஒரு வேலை. அதை ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தொலைபேசி நிறுவனங்கள் இணைத்துக் கொடுப்பது வேறொரு வேலை. சில நாடுகள் சேரவில்லை. சேர்ந்த நாடுகளிலும் கைப்பேசியிலிருந்து அழைத்தால் இணையாமல் போவதுண்டு. "இலவசம்" என்ற சொல்லே நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் 0800 எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழைப்பது 2015 ஜூலை மாதம்தான் இலவசமானது. அதுவரை கட்டணமில்லா எண்ணுக்குக் கட்டணம் வசூலித்தார்கள். நம் ஊர் 1-300 எண்ணைக்கூட இலவசம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ளூர் அழைப்புக் கட்டணம் நம்முடையது. மீதியைத்தான் நிறுவனம் ஏற்கிறது.

எனவே பெரிய நிறுவனங்கள் வேறு வழியில் போயின. ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டுக்குரிய கட்டணமில்லா எண்ணை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அழைப்பு மையத்துக்குத் திருப்பிவிட்டன. வாங்குபவருக்கு அது தன் ஊர் எண்ணாகத் தெரியும். பொருளில் குறை வந்தால் கேட்பதற்கு இங்கேயே ஆள் இருக்கிறது என்ற தைரியம் வரும். விமானச் சேவை, காப்பீடு, தங்குவிடுதி, மருத்துவக் கருவி என்று விலை அதிகமும் கவலை அதிகமும் உள்ள விற்பனைகளில் அந்தத் தைரியத்துக்கு மதிப்பு இன்றும் குறையவில்லை.

நம் முறுக்குக் குடும்பத்துக்கு அது தேவையா? என் கருத்தில் இப்போதைக்குத் தேவையில்லை. கட்டணமில்லா எண்ணுக்கு மாதச் சந்தா உண்டு. வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு உண்டு. தவறிப்போய் அழைப்பவருக்கும் சும்மா விலை கேட்பவருக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். லண்டனில் மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து ஒருவர் அழைத்தால், இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகியிருக்கும். எடுக்க ஆளில்லாத இலவச எண், எண்ணே இல்லாததைவிட மோசம்.

2009இல் வந்த வாட்ஸ்அப்பும் 2018இல் அது சிறு வணிகங்களுக்கென வெளியிட்ட தனிச் செயலியும் இந்தக் கணக்கை மாற்றிவிட்டன. அழைப்பவருக்கும் செலவில்லை, எடுப்பவருக்கும் தனிக் கட்டணமில்லை. காலையில் எழுந்து பதில் சொன்னால் போதும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: வாட்ஸ்அப் எண் ஊரை மறைக்காது. +60 என்று முகத்திலேயே எழுதியிருக்கும். அது பலவீனம் என்று நினைக்க வேண்டியதில்லை. மெல்பர்னில் இருக்கும் மலேசியத் தமிழர் எதற்காக இந்த முறுக்கைத் தேடுகிறார்? அது கிள்ளானிலிருந்து வருகிறது என்பதற்காகத்தானே?

வால் சொல்லும் சேதி

இணைய முகவரியின் கடைசிப் பகுதியைக் கணினிக்காரர்கள் என்ன சொல்லி அழைத்தாலும், நமக்கு அதை வால் என்று சொன்னால் புரியும். டாட் காம் என்ற வால் 1985இல் வந்தது. வணிக நிறுவனம் என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. டாட் எம்ஒய், டாட் எஸ்ஜி போன்றவை நாட்டு வால்கள்.

இணையம் வந்தால் எல்லைகள் அழிந்துவிடும் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். உலகப் பெரும் கடைகளின் முகவரிகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஷாப்பிக்கு மலேசியாவில் டாட் காம் டாட் எம்ஒய், சிங்கப்பூரில் டாட் எஸ்ஜி. லஸாடாவும் அப்படியே. அமேசான் சிங்கப்பூரில் கடை விரித்தபோது டாட் எஸ்ஜி முகவரியோடுதான் வந்தது. ஒரே நிறுவனம், ஆனால் நாட்டுக்கு ஒரு வாசல். விலை அந்த நாட்டு நாணயத்தில் தெரிய வேண்டும், வரி அந்த நாட்டுச் சட்டப்படி இருக்க வேண்டும், பொருளைத் திருப்பி அனுப்ப உள்ளூரில் ஓர் இடம் வேண்டும். வெள்ளியில் விலை போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் அமெரிக்க டாலரில் பணம் கேட்டால், பாதிப் பேர் பொருளைக் கூடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட மாட்டார்களா?

நாட்டு வாலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு தளம் எந்த நாட்டு மக்களுக்கானது என்பதைக் கணிக்கக் கூகல் தேடுபொறி அந்த வாலையும் பார்க்கிறது. டாட் காம் டாட் எம்ஒய் கடை, மலேசியாவில் தேடுபவருக்கு எளிதில் தென்படும். லண்டனில் தேடுபவருக்கு அந்த அளவுக்குத் தென்படாமல் போகலாம். வெளிநாட்டு விற்பனைதான் முதன்மை என்றால் டாட் காம் வாங்குவது நல்லது. உள்ளூரும் வேண்டும் என்றால் இரண்டையும் வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்டிவிடலாம். கட்டணமில்லா எண்ணைப் போல் மாதா மாதம் செலவு வைக்கும் விஷயமில்லை இது. சாதாரணப் பெயரானால் ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவு ஒரு குடும்பம் வெளியே போய் ஒரு வேளை சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும்.

சில நாடுகளுக்கு வாலே வருமானமாகிவிட்டதும் உண்டு. கரீபியன் கடலில் பதினைந்து, பதினாறாயிரம் பேர் வாழும் அங்குவில்லா தீவுக்கு டாட் ஏஐ என்ற வால் கிடைத்திருந்தது. செயற்கை நுண்ணறிவு அலை அடித்ததும் உலக நிறுவனங்களெல்லாம் அந்த வாலுக்கு வரிசையில் நின்றன. 2023இல் மட்டும் ஏறக்குறைய 32 மில்லியன் அமெரிக்க டாலர் வந்து சேர்ந்தது. தீவு அரசாங்கத்தின் வருமானத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நமக்கு வாய்த்த எம்ஒய் ஆங்கிலத்தில் "என்னுடைய" என்று பொருள் தருவது! அதுவும் நல்ல வால்தான்.

லெட்சுமியா, லக்‌ஷ்மியா?

வால் கிடைத்துவிட்டது, தலைக்கு என்ன செய்வது? இங்கேதான் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மாவின் பெயர் லெட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் எல், இ, டி, சி, எச் என்று போகும். சென்னையில் இருப்பவர் எல், ஏ, கே, எஸ் என்று தேடுவார். பிறப்புப் பதிவு செய்த குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி இன்னும் எத்தனையோ எழுத்துக்கூட்டல்கள் நம்மிடையே உலவுகின்றன. முறுக்கிலேயே கே ஒன்றா இரண்டா என்று தடுமாற்றம். ழகரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்: தமிழ்நாட்டில் இசட், எச் போடுவார்கள், நாம் எல் போடுவோம். வானொலியில் ஒரு முறை கேட்ட பெயரைத் தட்டச்சு செய்து கடைக்குப் போக முடியவில்லை என்றால், விளம்பரத்துக்குக் கொடுத்த காசு காற்றோடு போயிற்று.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலைத் தொலைபேசி எண்ணை வைத்தே தீர்த்தவர்கள் உண்டு. அங்கே தொலைபேசிப் பொத்தான்களில் உள்ள எழுத்துகளைச் சேர்த்து எண்ணைச் சொல்லாக்குவார்கள். ஒரு பூக்கடை நிறுவனம் 1-800-க்குப் பிறகு ஃப்ளவர்ஸ் என்ற சொல் அமையும் எண்ணைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டது. இணையம் வந்ததும் அதன் வாலில் டாட் காமையும் ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த நிறுவனத்தின் பெயர் 1-800-ஃப்ளவர்ஸ் டாட் காம். எண்ணும் முகவரியும் ஒன்றாகக் கலந்த பெயர். சாமர்த்தியம்தான். ஆனால் அது வட அமெரிக்காவுக்குள் செல்லும் சாமர்த்தியம். அந்த 800 எண்ணைப் பினாங்கிலிருந்து இலவசமாக அழைக்க முடியாது.

தமிழிலேயே முகவரி வைத்தால் எழுத்துக்கூட்டல் தொல்லை தீருமே என்று கேட்கலாம். வைக்க முடியும். இதில் நம் வட்டாரத்துக்குப் பெருமையும் உண்டு. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் டான் டின் வீயும் இணைந்து இணையப் பக்கத்தில் தமிழை ஏற்றினார்கள். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இணைய முகவரி அமைக்கும் ஆய்வும் 1998 வாக்கில் டான் டின் வீ குழுவினரால் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தில் நடந்தது. நா. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். 2011இல் டாட் சிங்கப்பூர் என்ற வால் முழுக்க முழுக்கத் தமிழ் எழுத்தில் அதிகாரபூர்வமாக இணையத்தில் ஏறியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும்கூடத் தமிழ் வால்கள் உள்ளன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒன்று இருக்கிறது.

இருந்தும் கடைத்தெருவில் அவற்றைக் காண முடிவதில்லை. கைப்பேசியில் ஆங்கில விசைப்பலகையே முன்னால் நிற்கிறது. சில மென்பொருள்கள் தமிழ் முகவரியை எக்ஸ், என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக மாற்றிக் காட்டிவிடுகின்றன. பார்ப்பவர் இது ஏதோ மோசடித் தளம் என்று பயந்து மூடிவிடுவார். மனம் ஒப்பாமல்தான் சொல்கிறேன்: விற்பனைக்கு ஆங்கில எழுத்து முகவரியை வைத்துக்கொண்டு, தளத்துக்குள்ளே தமிழைத் தாராளமாகப் புழங்குவதே இப்போதைக்கு நடைமுறை.

பெயரைத் தேர்ந்ததும் தள்ளிப்போடாமல் பதிந்துவிட வேண்டும். நிசான் கார் நிறுவனத்தைக் கேட்டால் சொல்லும். யூசி நிசான் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினிக் கடை நடத்தியவர். நிசான் அவருடைய குடும்பப் பெயர். 1994இல் தம் பெயரில் டாட் காம் முகவரியை வாங்கினார். கார் நிறுவனம் விழித்துக்கொண்டு 1999இல் வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் இழுத்த வழக்கில் அவர் ஏராளமாகச் செலவழித்தார். ஆனால் முகவரியை விட்டுக்கொடுக்கவில்லை. நீதிமன்றமும் அதைப் பிடுங்கிக் கொடுக்கவில்லை. 2020இல் அவர் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. உலகப் புகழ் பெற்ற கார் நிறுவனம், அமெரிக்காவில் தன் பெயருக்குப் பின்னால் யுஎஸ்ஏ என்று சேர்த்த முகவரியில் கார் விற்க வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. பிறர் பெயரைக் கெட்ட எண்ணத்தோடு பதிந்து வைத்துக்கொண்டு விலை பேசுபவர்களிடமிருந்து அதை மீட்க, 1999 முதல் ஒரு நடுவர் முறை இருக்கிறது. ஐநாவின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பும் இந்த வழக்குகளை விசாரிக்கிறது. ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு. முறுக்கு விற்கும் குடும்பம் அவ்வளவு தூரம் போகுமா?

நம்மவர்களிடையே நடக்கும் இழப்பு வேறு மாதிரியானது. தளத்தைச் செய்து கொடுத்தவர் முகவரியைத் தம் பெயரிலேயே பதிந்திருப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அவசரத்தில் அப்படிச் செய்திருப்பார். மூன்று ஆண்டு கழித்து அவர் வேலை மாறி, எண் மாறி, எங்கோ போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும். ஒரு நாள் காலையில் கடை இருக்காது. புதுப்பிக்க மறப்பது சிறியவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 1999 கிறிஸ்மஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் ஒரு முகவரிக்கு 35 டாலர் கட்ட மறந்ததால் ஹாட்மெயில் பயனாளர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். கடைசியில் யாரோ ஒரு கணினி நிரலர் தம் கையிலிருந்து அந்த 35 டாலரைக் கட்டினார். மைக்ரோசாஃப்டுக்கு அப்படி ஒரு நல்லவர் கிடைத்தார். ஆகவே முகவரியின் உரிமையாளர் என்ற இடத்தில் அம்மா அல்லது அப்பாவின் பெயர், குடும்பமே பார்க்கும் ஒரு மின்னஞ்சல். இதை இன்றைக்கே சரிபார்க்கலாம்.

நம்புவதற்கு ஓர் ஆதாரம்

ஊரை மறைக்கும் குணம் மோசடிக்காரர்களுக்கும் பிடித்துப்போய்விட்டது. கைப்பேசித் திரையில் 1-800 அல்லது 1-300 எண் தெரியும்படி அழைத்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி காட்டும் முறையைச் சிங்கப்பூர் 2020இல் கொண்டுவந்ததற்குக் காரணம், உள்ளூர் எண் போல வேடமிட்டு வந்த அழைப்புகள்தாம். மலேசியாவில் ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் அழைக்க 997 இருக்கிறது. சிங்கப்பூரில் சந்தேகம் வந்தால் கேட்க 1799 இருக்கிறது. கட்டணமில்லா எண் என்பது நாம் அழைப்பதற்காக ஏற்பட்டது. அது நம்மை அழைத்தால், வைத்துவிட்டு அட்டையின் பின்புறம் பார்த்து நாமே அழைப்பதுதான் பாதுகாப்பு.

இதனால் நேர்மையாக விற்பவருக்கும் ஒரு பாரம் கூடியிருக்கிறது. அவர் தன்னை மெய்ப்பிக்க வேண்டும். டாட் எம்ஒய், டாட் எஸ்ஜி போன்ற நாட்டு வால்கள் இங்கே உதவுகின்றன. அவற்றைப் பதிய உள்ளூரில் நிறுவனப் பதிவோ உள்ளூர்ப் பொறுப்பாளரோ கேட்பது வழக்கம். சிங்கப்பூரில் பொறுப்பாளர் சிங்பாஸ் மூலம் தம்மை உறுதிப்படுத்த வேண்டும். டாட் காமுக்கு இந்தக் கேள்விகள் கிடையாது. அதனால் டாட் காமில் விற்றாலும், நிறுவனப் பதிவு எண், தெருப் பெயருடன் முகவரி, ஹலால் அல்லது சுத்த சைவம் என்ற குறிப்பு, பொருளைச் செய்த இடம் ஆகியவற்றைத் தளத்தின் அடியில் மறைக்காமல் எழுதுவது நல்லது.

முறுக்குப் பொட்டலத்தின் பின்புறத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பலகாரப் பொட்டலங்களில் எண் 012 என்றோ 016 என்றோ அச்சாகியிருக்கும். உள்ளூரில் அது போதும். அந்தப் பொட்டலம் யாரோ ஒருவரின் பெட்டியில் ஏறி மெல்பர்னுக்குப் போய், அங்கே தின்று பார்த்த ஒருவருக்குப் பிடித்துப்போய், அவர் அந்த எண்ணை அப்படியே அழுத்தினால் எங்கும் இணையாது, வாட்ஸ்அப்பிலும் கிடைக்காது. முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு +60 12 என்று தொடங்கி அச்சிட வேண்டும். கீழே இணைய முகவரி, பெரிய எழுத்தில். பக்கத்தில் ஒரு கியூஆர் கட்டம். தளம் இல்லாவிட்டால் அது நேராக வாட்ஸ்அப்புக்குப் போகட்டும். தீபாவளிக்கான ஒட்டுத்தாள்களை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் அந்த எண்ணை அழைத்தும் அந்த முகவரியைத் தட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.